சைலன்சர் சூட்டில் ஓடும் ஃபேன்

சின்னண்ணன் நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்பவர். லாரி டிரைவரான அவர் தம்பி தமிழரசு நாக்பூர் வெயிலில், டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேனில்லாத கேபினுக்குள் பகலில் தூக்கமின்றிப் புரண்டு கிடந்தான். பிறகு வண்டியை எடுத்தவன், கண் அசந்து பாலத்தில் மோதிச் செத்தான்.

அதன்பின் சைலன்சர் குழாயைச் சுற்றி, சூடு பட்டால் கரண்ட் தரும் தகடுகள் பொருத்தி, வீணாகப் போகும் சூட்டில் ஒரு கேபின் ஃபேனை ஓட்டினார் சின்னண்ணன். பட்டறையில் ஃபேன் ஜோராகச் சுற்றியது. அதை மாட்டிய லாரியின் முதல் நடையிலேயே டிரைவர் செங்கோடன் போன் செய்தார்.

"வண்டிய நிறுத்துனா குழாய் ஆறிப்போயிருதுங்க. படுக்கறப்ப ஃபேனும் நின்னு போயிருதுங்க."

சின்னண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டே சோதித்திருந்தார். தம்பி எப்படிப் படுத்தான் என்பதையே மறந்திருந்தார். வண்டி ஓடும்போது வரும் கரண்டைச் சேர்த்துவைக்கத் தனி பேட்டரி மாட்டினார்.

கேள்விப்பட்டு இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் வந்து அளந்துவிட்டு, சூட்டில் நூற்றுக்கு நாலு பங்குதான் கரண்டாகிறது என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஒரு ஃபேனுக்குப் போதுமுங்க" என்றார் சின்னண்ணன்.

அடுத்த நடை முடிந்து செங்கோடன் திரும்பியபோது, சின்னண்ணன் பேட்டரி மீட்டரைப் பார்க்கவில்லை.

"தூங்குனீங்களா?"

"அஞ்சு மணி நேரமுங்க. அலாரம் அடிச்சுத்தான் எந்திரிச்சேன்."

தமிழரசும் அன்று நாக்பூரில் ஐந்து மணி நேரம் படுத்துத்தான் இருந்தான்.