பொட்டலம் வந்தால் விமானம் வராது

சாகர்தீப் ஏர்வேஸை இழுத்து மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது ஏஞ்சலிடம், "நல்ல கம்பெனியாச்சே, பாவம்" என்று உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் பாவம்? மூடுவதற்கு முந்தின மாதம் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அதே விமானங்கள்தான் பறந்தன. ஓட்டியவருக்கும் சம்பளம் கிடையாது, பெட்டி தூக்கியவருக்கும் கிடையாது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று வருடா வருடம் கேக் வெட்டிப் பேசிய பெரிய மனிதர், குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு மலைமேல் இருந்த பங்களாவில் போய் உட்கார்ந்துகொண்டார். மேடையில் எவனாவது குடும்பம் என்று சொன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஏஞ்சல் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பெண். அம்மா அடையாறில் வீடு வீடாகக் கூவி மீன் விற்றவள். அந்தக் குரல்தான் மகளுக்கும் வந்திருக்கிறது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசித்து வாசித்து அவள் அதைப் பதமாக்கிக்கொண்டாள். விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டரில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், அழுகிற குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

அந்த மைக்குக்கு ஒரு சட்டம் உண்டு. ஸ்டேஷன் மேனேஜர் ராமானுஜம் போட்ட சட்டம். ரத்து என்ற வார்த்தை அவள் வாயில் வரவே கூடாது. விமானம் வராது என்று தெரிந்தவுடன் பயணிகள் கையில் முதலில் பொட்டலம் போய்ச் சேர வேண்டும்: ஒரு சமோசா, ஒரு துண்டு கேக், ஒரு மாம்பழ ஜூஸ். "சாப்ட்டுண்டிருக்கறவா சண்டைக்கு வரமாட்டா, தெரிஞ்சுக்கோ" என்பார் ராமானுஜம். பாதி சமோசா உள்ளே போன பிறகு, "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்" என்று அவள் தொடங்குவாள். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று முடிப்பாள். பெட்டி தூக்குகிற ஆட்கள் இத்தனையையும் ஒரே வரியில் சொல்லிச் சிரிப்பார்கள்: பொட்டலம் வந்துச்சின்னா ஃப்ளைட்டு வராது.

இப்போது அந்தக் குரல் தி. நகர் ஜவுளிக் கடை ஒன்றில் உழைக்கிறது. மூன்றாவது மாடியில் பட்டுப்புடவை தள்ளுபடி. அம்மாவைத் தொலைத்த மஞ்சள் சட்டைப் பையன் தரைத்தளத்தில் இருக்கிறான். இதையெல்லாம் நாள் முழுக்க நின்றபடியே மைக்கில் சொல்ல வேண்டும். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டமெல்லாம் இருக்கிறது, நாற்காலியைத்தான் காணோம். பழைய சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை.

அது போகட்டும். அவளை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது எஞ்சின். அவள் சம்பளத்தை நம்பித்தான் புருஷன் ராபர்ட் தன் ஃபைபர் படகுக்குத் தவணையில் எஞ்சின் வாங்கியிருந்தான். சம்பளம் நின்றது, தவணை நின்றது, கடைக்காரன் ஆள் அனுப்பி எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனான். குப்பமே நின்று வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து படகு மணலில் கிடக்கிறது. ராபர்ட் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். இதுவரை அவன் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பாள்.

கம்பெனியின் சொத்துகளை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கும் சம்பள பாக்கி நின்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்க ஓர் ஆபீசை நியமித்திருந்தார்கள். ராமானுஜத்துக்கு இப்போது அங்கேதான் வேலை. போன வாரம் அவளுக்குப் போன் செய்தார்.

"ஏஞ்சல், ஞாயித்துக்கிழமை நந்தனத்துல மீட்டிங். எல்லாருக்கும் செட்டில்மென்ட் பத்தித் தமிழ்ல ஒரு பேப்பர் வாசிக்கணும். நீ வாசிச்சாதான் ஜனங்க கேட்பா."

"நல்ல நியூஸா சார்?"

"நல்ல நியூஸ்தான். நீ வாசிச்சுக் குடு, உன்னோட பணம் முழுசா முதல்ல வர மாதிரி நான் பார்த்துக்கறேன். இதை யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே."

அவள் ராபர்ட்டிடம் மட்டும் சொன்னாள். அவன் மறுநாள் காசிமேட்டுக்குப் போய் எஞ்சின் விலை விசாரித்துவிட்டு வந்தான். படகைக் கழுவினான். வருடக்கணக்கில் வராத சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

நந்தனத்தில் ஓர் ஓட்டலின் மாடி ஹால். வந்தவர்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட துணியில் வந்திருந்தார்கள், ஏதோ இன்டர்வியூவுக்கு வந்ததுபோல. முன்வரிசையில் வெள்ளைத்துரை. பெட்டி தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவன், இப்போது கே.கே. நகரில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். ஆற்றோரத்தில் இருந்த அவன் வீட்டையும் இடித்து ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது அவனால்.

ராமானுஜம் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். "வா, வா" என்று தாளை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிரிப்பதற்குள் பின்பக்கக் கதவு திறந்தது. இரண்டு பேர் அட்டைப்பெட்டிகளோடு உள்ளே வந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். சமோசா, கேக், மாம்பழ ஜூஸ்.

வேறு கூட்டமாக இருந்தால் ஜூஸைக் குத்திக் குடிக்க ஆரம்பித்திருக்கும். இவர்கள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்துரைதான் வாயைத் திறந்தான்.

"இன்னா ஏஞ்சலு, பொட்டலம் வந்துடுச்சி?"

அவள் தாளைப் பிரித்துப் படித்தாள். வர வேண்டியதில் நூறு ரூபாய்க்குப் பதினொரு ரூபாய் தருவார்களாம். இன்றே கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்ட பிறகு மிச்சத்தை எந்தக் காலத்திலும் எந்தக் கோர்ட்டிலும் கேட்கக் கூடாதாம். கடைசி வரியில், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று அழகாக டைப் அடித்திருந்தார்கள்.

"நல்ல நியூஸ்னீங்களே சார்," என்றாள்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா? பாங்க்காரா எடுத்துண்டது போக இதுதான் மிச்சம். என் கையில என்னம்மா இருக்கு? எனக்கும்தான் வரலே. ஆத்துல மருந்துச் செலவு மட்டும்..." என்று இழுத்தார். "நீ வாசிச்சுடு. உன்னோடது சேஃப்."

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை. இத்தனை பேர் வயிற்றில் அடிப்பதற்கு இந்தப் பாவிகளுக்கு இன்னும் ஒரு சமோசாதான் வேண்டியிருக்கிறது, இன்னும் அவள் குரல்தான் வேண்டியிருக்கிறது. எத்தனை ராத்திரிகள் எத்தனை பேரை இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஏமாற்றினார்கள். கழுவி வைத்த படகும் கண் முன்னால் வந்தது. முழுப் பணம். வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மைக்கைப் பிடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

ஹால் கொல்லென்று சிரித்தது. ராமானுஜம்கூடச் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பழகிய வாய் பழகியபடியே போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதே தேன் குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்:

"சாகர்தீப் ஏர்வேஸ் உங்களுக்குத் தர வேண்டிய பணம் ரத்து செய்யப்படுகிறது. தாமதம் இல்லை, ரத்து. காரணம் தவிர்க்க முடியாதது இல்லை, தின்றுவிட்டார்கள். இன்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு நூறு ரூபாய்க்குப் பதினொரு ரூபாய் கிடைக்கும். மிச்சத்தை அவர்கள் இனி எப்போதும் கேட்க முடியாது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு இன்று ஒன்றும் கிடைக்காது. கேஸ் நடத்தலாம், எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தாளை உங்களுக்கு வாசித்துக் காட்டினால் எனக்கு மட்டும் முழுப் பணமும் முதலில் தருவதாக ராமானுஜம் சார் சொல்லியிருக்கிறார். வாசித்துவிட்டேன்."

பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்லாமல் மைக்கை அணைத்தாள்.

"ஏஞ்சல், என்ன காரியம் பண்ணிட்டே," என்றார் ராமானுஜம். "இனிமே உனக்கு நான் எதுவும் பண்ண முடியாது."

"நீங்க பண்ணது போதும் சார்."

வெள்ளைத்துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். குனிய முடியாத முதுகோடு மேடைவரை நடந்து வந்து பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். பிரிக்கவே இல்லை. அவன் பின்னால் இன்னொருவர், அப்புறம் ஒரு பெண், அப்புறம் வரிசையே. மேஜையில் இடமில்லாமல் கீழே வைத்தார்கள். எல்லாரும் வைத்துவிடவில்லை. சிலர் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டார்கள். வீட்டு வாடகைக்கு இதெல்லாம் புரியாது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்களை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன்மேல்தான் வந்தது.

பஸ்ஸில் வரும்போது கோபம் மெல்ல வடிந்து பயம் ஏறியது. வெள்ளைத்துரை கேஸ் போடலாம் என்று எல்லாருடைய நம்பரையும் வாங்கியிருந்தான். கேஸ் எப்போது முடியும், அதுவரை ராபர்ட் எத்தனை பேர் படகில் ஏறுவான் என்று நினைத்துக்கொண்டே பட்டினப்பாக்கத்தில் இறங்கினாள்.

வீட்டில் சுடச்சுடச் சோறு வடித்து, நெத்திலிக் குழம்பு வைத்து, அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான் ராபர்ட். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினான்.

"காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னுருக்க மாட்ட. மொதல்ல துன்னு. அப்பால பேசிக்கலாம்."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு கையால் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"மொதல்ல சொல்லிட்றேன்," என்றாள். "எஞ்சின் வராது. குடுக்கறேன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டு வந்தேன். இப்போ உனக்கும் சோத்தப் போடு, ரெண்டு பேரும் துன்னலாம்."