ஹெட்டியம்மாவும் நீல மைக்காரரும்

எங்கள் ஊர் நூலகத்தில் 'சத்தம் கூடாது' என்று சுவருக்குச் சுவர் பலகை தொங்கும். ஹெட்டி ஷோரொக்ஸ் உள்ளே வந்தால் அந்தப் பலகைகளுக்கே காது வலிக்கும். பருத்தி ஆலையில் தறி ஓட்டியே காது போன பெண்மணி. தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது.

"கண்ணு, கொலக் கதை புதுசா வந்திருக்கா? போன வாரம் குடுத்தது சுத்த மோசம். தோட்டக்காரன்தான் கொன்னான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு!"

அதே கதையின் இன்னொரு பிரதியைப் பாதிவரை படித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார்.

நான் அங்கே கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவனில்லை. புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நனைந்தால் நாறும் என்பதுதான். ஆனால் ஹெட்டியம்மா படித்து முடித்த புத்தகம் என்றால் நானும் எடுத்துப் புரட்டுவேன். கதைக்காக இல்லை, அவர் பென்சிலுக்காக.

படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். ஒருவர் பக்க எண்ணுக்கு அடியில் சின்னக் கோடு போடுவார். இன்னொருவர் கடைசித் தாளில் வட்டம் போடுவார். ஹெட்டியம்மாவுக்குக் கோடும் வட்டமும் போதவில்லை. கதைக்குள் இருக்கிறவர்களோடு நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார். 'அடி பைத்தியமே, கதவைத் தாழ் போடு.' 'இவன் முழியே சரியில்லை.' 'இதை எழுதினவர் ஒருநாளும் துணி துவைத்ததில்லை. மழை கொட்டும்போது எவள் கொடியில் போர்வை காயப்போடுவாள்?'

வினை எங்கிருந்து வந்ததென்றால், பல்கலைக்கழகத்திலிருந்து. மிஸ் ஃபாரன்ட் என்று ஓர் இளம்பெண் ஒருநாள் வந்தாள். இந்த நாட்டுச் சனங்கள் என்ன படித்தார்கள், படித்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்று தேடிக்கொண்டு திரிகிறவள். "பெரிய மனுசங்க என்ன படிச்சாங்கன்னு அவங்களே எழுதி வெச்சுட்டுப் போயிடறாங்க. ஆலைல வேல செஞ்சவங்க நெனச்சத எங்க போய்ப் பாக்கறது? புத்தக ஓரத்துல யாராவது கிறுக்கியிருந்தா காட்டுங்க சார்" என்றாள்.

நூலகர் பெல்லிங், பருத்தி ஆலையே இல்லாத தெற்குப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. "எங்க புத்தகத்துல ஒரு புள்ளிகூட இருக்காது, மிஸ்" என்று பெருமையாக அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, நடுவில் விரித்துக் காட்டினார்.

விரித்த இடம் அப்படி.

கதையில் வரும் துப்பறிகிறவர், பாலும் வெங்காயமும் போட்டு வேகவைத்த மாட்டுக்குடலில் வினிகர் ஊற்றிச் சாப்பிடுகிறார். ஓரத்தில் பென்சில்: 'பாலில் வினிகரா? திரிந்துபோகும். இந்த ஆள் கொலைகாரனைப் பிடிக்கப் போகிறானாம்!' அதற்குக் கீழே நீல மையில் வேறொரு கை: 'திரியாது. இறக்கி வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.' பென்சில்: 'உன் தலை.' நீல மை: 'என் தலை நன்றாகத்தான் இருக்கிறது, அம்மணி.' சண்டை அந்தப் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் தாவியிருந்தது. பிணம் ஒன்று அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது.

நீல மை யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பென்சில் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

"இதத்தான் சார் ஊர் ஊராத் தேடிட்டிருக்கேன்!" என்று மிஸ் ஃபாரன்ட் குதித்தாள். பெல்லிங்குக்கு அது காதில் ஏறவில்லை. ஷோரொக்ஸ் அம்மாளின் நூலக அட்டையைப் பறிக்க வேண்டும் என்று அன்றைக்கே நூலகக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

ஹெட்டியம்மா கொதிகலன் அறைக்கு இறங்கி வந்தார். வானொலி அவருக்குப் பயனில்லை. ஜெபக்கூடத்துப் பாட்டும் பயனில்லை. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். கரிக் குவியல்மேல் என் கோட்டை விரித்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"அந்த அட்டையும் போச்சுன்னா, சாயங்காலம் நான் யாரோட சண்ட போடறது, ஏர்னஸ்ட்?"

அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். நான் கரியைக் கிளறினேன்.

குழு கூடிய அன்று மிஸ் ஃபாரன்டும் அவருக்காகப் பரிந்து பேச வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். பெல்லிங் ஹெட்டியம்மாவை மட்டும் அறைக்கு வெளியே நடையில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். "எப்படியும் அந்தம்மாவுக்குக் காது கேக்காதே" என்றார்.

தெற்கத்திக்காரருக்கு என்ன தெரியும்? தறிச் சத்தத்தில் காது உள்ளவர்களுக்கே ஒன்றும் கேட்காது. ஆலைப் பெண்கள் முழுக்க முழுக்க உதட்டாலேயே பேசுவார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நடக்கிற ரகசியத்தை இந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிடுவார்கள். ஹெட்டியம்மா கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற எனக்குச் செய்தி வாசித்தார், தன் வழக்கமான குரலில்.

"'பொதுச் சொத்து'ங்கறான்... 'கண்டிப்பு வேணும்'ங்கறான்... அடேய், கெழவியா? யாருடா கெழவி?"

உள்ளே பெல்லிங் துள்ளித் திரும்பினார். பிறகு புத்தகத்தை விரித்துத் தலைவர் முன்னால் தள்ளினார். தலைவர் ஹாரல்ட் கெர்ஷா. சந்தை முனையில் இறைச்சிக் கடை, ஜெபக்கூடத்தில் முன்வரிசை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உதட்டை அசைத்தே படிக்கிற ஆள் அவர்.

ஹெட்டியம்மா மெல்ல எழுந்து நின்றார்.

"'திரியாது'ங்கறான், ஏர்னஸ்ட். 'எத்தன தடவ எழுதறது இவளுக்கு, எறக்கிட்டு ஊத்தணும்னு'... இது புத்தகத்துல இல்லியே!" மூச்சை இழுத்தார். "அட கசாப்புக்காரா, நீதானா!"

கதவு சுவரில் மோதித் திரும்பியது. நானும் பின்னாலேயே போனேன்.

"ஹாரல்ட்! என் புத்தகத்துல மை கொட்டினது நீயா?"

"ஒன் புத்தகமா? ஊர்ப் புத்தகம்! தலயப் பத்தி மொதல்ல எழுதினதும் நீதான், ஹெட்டி."

சொன்ன பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்கு உறைத்தது. அவர் கடையில் தொங்கும் ஈரல் மாதிரி முகம் சிவந்தது.

"ஐயா," என்றார் பெல்லிங், குரல் தேய்ந்து, "பென்சிலையாவது அழிச்சுடலாம். மைய எப்படிங்கய்யா..."

"எதையும் அழிக்காதீங்க!" என்று மிஸ் ஃபாரன்ட் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரோடதும் வேணும். அப்படியே குடுங்க."

கெர்ஷா தொண்டையைச் செருமினார். ஹெட்டியின் அட்டை போனால் தன் அட்டையும் போகும் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை. "பென்சிலா இருந்தாப் பாதகமில்ல" என்றார். "குழுவோட முடிவு அதான். பெல்லிங், எழுதிக்குங்க."

"பேனாவ எடுத்து மேசமேல வை" என்றார் ஹெட்டியம்மா.

வைத்தார்.

புத்தகம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. "இன்னும் நூறு வருசம் கழிச்சும் இத எடுத்துப் படிப்பாங்க, மிஸஸ் ஷோரொக்ஸ்" என்று மிஸ் ஃபாரன்ட் அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"படிக்கட்டும் கண்ணு. அப்பவும் பால் திரியத்தான் செய்யும்."

அடுத்த வாரம் ஹெட்டியம்மா அட்டையை நீட்டிப் புதிய கொலைக் கதை ஒன்றை எடுத்தார். கெர்ஷா அன்று காலையில்தான் அதைத் திருப்பித் தந்திருந்தார். கடைசித் தாளில், கத்தி பிடித்துப் பழகிய கை பென்சிலை அழுத்தி எழுதியிருந்தது: 'ஞாயிறன்று செய்து பார்த்தேன். திரிந்துவிட்டது. மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.'

ஹெட்டியம்மா சிரித்த சிரிப்பில் கீழே என் கொதிகலன் மூடியே ஆடியது. பெல்லிங் உதட்டில் விரலை வைத்தார். ஹெட்டியம்மா அதைக் கவனிக்கவில்லை. பென்சிலைக் கூராகச் சீவி, நின்றபடியே அடியில் எழுதிக்கொண்டிருந்தார்: 'முதலில் குடலைக் கழுவினாயா, ஹாரல்ட்?'