நூற்றிப் பத்தாவது மரம்

அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இருந்தும் அந்த மூன்று நாளும் அவர் குரல் என்னைத் தவறான இடத்துக்கே கூட்டிப்போனது. தப்பு அவருடையதில்லை, என்னுடையது என்று சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். நாற்பது நாள் இருந்தான். மலேசியாவில், கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், அப்பா தினமும் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிய நிரையிலேயே ஒரு மரத்தடியில் அவனைப் புதைத்தார்கள். இடுகாடு வேண்டாம், தினமும் என் கண்ணில் படட்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றாராம். பெண்கள் புதைக்கிற இடத்துக்கு வரக்கூடாதென்று அம்மாவை லயத்து வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எந்த மரம் என்று தெரிந்தால் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டாள் என்று அப்பாவின் வாயையும் கட்டிவிட்டார்கள். அம்மா வேலை செய்தது வேறு டிவிஷன். அந்தப் பக்கம் போகவே வழியில்லை.

சில வருடங்களுக்கு முன் பினாங்கில் நடந்த ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஒருவர் தம் ஊரைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து, கைப்பேசி வரைபடத்தில் இடங்களைக் குறித்துவிட வேண்டும். கேட்கிறவர் காதில் மாட்டிக்கொண்டு அந்தக் குரல் சொல்கிற வழியில் நடப்பார். ஒலிநடை என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சுங்கைப் பட்டாணி வீட்டுக்கு வந்து அப்பாவை உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். நாற்பது நிமிடம் பேசினார். எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். வெட்டினேன். மரம், பால் வடிகிற மங்கு, நிரை, போறது, வர்றது என்று அவர் நீட்டிய இடத்தையெல்லாம் முதலில் வெட்டினேன். பழைய கைப்பேசியோடு முழுப் பதிவும் போய்விட்டது. இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ரப்பர் போய் அங்கே செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் ஏதோ தொழிற்சாலை வரப்போகிறது. டயாலிசிஸ் எடுக்கிற இடத்தில் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை. "ஒரே ஒரு தடவ அந்த எடத்த கண்ணால பாத்துட்டா போதும். இப்ப என்னைய வராதன்னு சொல்ல யாரு இருக்கா?" என்றாள். அம்மாவால் பத்து அடிகூட நடக்க முடியாது. நான் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு காரிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா நல்ல மனிதர், நம் ஆள். "ஞாயித்துக்கெழம காலையில பாகார் போட்டுருவாங்கக்கா. அப்பறம் என்னையே உள்ள விடமாட்டாங்க லா," என்றார். பாகாருக்கான வேலிக் கம்பிகள் கட்டுக்கட்டாக அவர் காலடியிலேயே கிடந்தன.

தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: பால் நிறுக்கிற கொட்டகையின் சிமெண்டுத் தரை. லாரிகள் நிற்பதற்காகப் பக்கத்தில் கல் கொட்டி இறுக்கியிருந்தார்கள். சுற்றிலும் சேறு. காரைக் கல்லின் மேல் நிறுத்திவிட்டுக் காதில் மாட்டினேன்.

"கொட்டாய் மூலையில மொத மரம்," என்றார் அப்பா. "மரத்துக்கு மரம் பதினஞ்சு அடி. எண்ணிக்கிட்டே போ. நூத்திப் பத்தாவது மரம். அங்கதான் படுத்திருக்கான்."

நூற்றிப் பத்தைப் பதினைந்தால் பெருக்கினேன். வரைபடத்தில் நேராக ஒரு கோடு போட்டு அதன் நுனியில் புள்ளி வைத்தேன். பாதித் தூரத்திலேயே ஆறு குறுக்கே வந்தது. ஆற்றைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். நான் வெட்டிய இடத்தில் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டு முழங்கால் சேற்றில் இறங்கித் தாண்டினேன். புள்ளியில் ஒன்றுமில்லை, செம்பனை மட்டைகள்தான். வெள்ளிக்கிழமை இடது பக்கம் தேடினேன், வலது பக்கம் தேடினேன். சனிக்கிழமை காலையில் பெய்த மழையில் அப்பாவின் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, "எங்கப்பா, சரியா சொல்லுங்கப்பா," என்று கத்தினேன். அவர் அதே எட்டு நிமிடத்தைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். மரத்தைச் சொல்லியிருந்ததால், அப்பா இருந்தவரை அந்தப் பதிவை அம்மாவிடம் போட விடவில்லை. அவர் போன பிறகு நான் போட்டால், அவரு குரல கேட்டா எனக்கு ஆகாது என்று கையை ஆட்டிவிடுவாள். அன்று அவளே, "போடு," என்றாள். சத்தமாக வைத்தேன். முதல் வார்த்தையிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நூற்றிப் பத்து வந்ததும் முந்தானையை எடுத்தாள்.

"நீ எங்க போய்த் தேடுன?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"ஆத்தோட உங்கப்பா நிரை முடிஞ்சிரும்டி. நிரைக்கு அம்பத்தஞ்சு மரம். தெனமும் பொலம்புவாரு, எனக்குத் தெரியாதா?"

"அப்ப மிச்ச அம்பத்தஞ்சு?"

"ஒரு நிரையில வெட்டிக்கிட்டுப் போனா அடுத்த நிரையில வெட்டிக்கிட்டே திரும்பி வரணும். வெறுங்கையோட சும்மாவா நடந்து வருவாங்க? நீயெல்லாம் தோட்டத்துல பொறந்தவ!"

போறது, வர்றது. அதைத்தான் நான் வெட்டியிருந்தேன். போய்த் திரும்பினால் நூற்றிப் பத்தாவது மரம் முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கொட்டகை மூலையிலிருந்து ஒரு நிரை தள்ளி, இருபது அடிகூட இருக்காது.

அம்மாவைத் தூக்காத குறையாகக் காரில் உட்காரவைத்தேன். புதுச் சேலை கட்டியிருந்தாள். வழியில் ஒரு பாக்கெட் பால் வாங்கச் சொன்னாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஜாகா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

வழக்கம்போல் நிறுத்திவிட்டு இறங்கினேன். சிமெண்டுத் தரையின் மூலையில் நின்று, ஆற்றைப் பார்த்து, ஒரு நிரை அகலத்துக்கு, தரை இல்லாத வலது பக்கம் அடி எடுத்து வைத்தேன். எட்டாவது அடியில் என் முழங்கால் காரில் இடித்தது.

மூன்று நாள். காலையில் கொண்டுவந்து நிறுத்தி, மத்தியானம் அதிலேயே சாய்ந்து சோறு தின்று, சேற்றுக் காலை அங்கேயே உதறி, சாயங்காலம் சலிப்போடு திருப்பிக்கொண்டு போன இடம். பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா நான் நடந்ததை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணாடியை இறக்கினாள். மடியில் பால் பாக்கெட் இருந்தது.

"வண்டிய பின்னால எடும்மா," என்றாள். "அவன் மேல நிக்கிது."

ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தேன். சக்கரத்தடியில் கல் நெரிந்தபோது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.