மாட்டுங்காவில் ஒரு கறுப்புப் பட்டும் ஐரிஷ் 'பிரஸ்'ஸும்

போன தை மாதம் அத்தை மருமகளின் வளைகாப்புக்காக மும்பை போயிருந்தேன். மருமகள் ஓர்லா அயர்லாந்துப் பெண். என் அத்தை மகனோடு தாணேயில் குடித்தனம். சென்னையிலிருந்து தாதர் வரை ரயில்; அங்கிருந்து அத்தை வீடு இருக்கும் மாட்டுங்காவுக்கு லோக்கலில் ஒரே ஸ்டேஷன், ஐந்து ரூபாய்.

மாலை நான்கு மணிக்கு வளைகாப்பு. மதியம் அத்தை பதறிக்கொண்டு வந்தாள்.

"மசக்கைப் புடவை, அதான் வளைகாப்புக்கு உடுத்திக்கற கறுப்புப் பட்டு, எங்கேன்னு ஓர்லாவைக் கேட்டேன். ப்ரெஸ்ல இருக்குன்னுட்டு பார்லருக்குப் போயிட்டா. இஸ்திரிக்குப் போட்டிருக்கா போலருக்கு. நீ போய் வாங்கிண்டு வந்துடறயா?"

ஓர்லா போனை எடுக்கவில்லை. கீழே இஸ்திரி வண்டி பூட்டியிருந்தது. இஸ்திரிக்காரர் முருகேசன் சாப்பிட தாராவி வீட்டுக்குப் போய்விட்டாராம். கிங்ஸ் சர்க்கிளில் டாக்ஸி பிடித்தேன். (மதிய நெரிசலில் நடந்தே போயிருக்கலாம்.)

"கறுப்புப் பட்டா? நம்ம கைக்கு வரலியே யம்மா" என்றார் முருகேசன், தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி.

அவர் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை. "மாசமா இருக்க புள்ளைக்க சேலைங்க. சோறு பொறவு திங்கலாம், மூட்டைய அவுருங்க!"

மூவரும் ஒவ்வொரு துணியாக உதறினோம். கறுப்பில் கிடைத்தது ஒரு வக்கீல் கோட்டு மட்டும்தான். அப்போதுதான் ஓர்லா அழைத்தாள்.

"கடையா? இல்ல அக்கா! பிரஸ்ல! அம்மா ரூம்ல, கதவு இருக்கே!"

அத்தை ரூம் பீரோ! அவள் ஊரில் அலமாரிக்குப் பெயர் பிரஸ். செல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இருவரையும் வளைகாப்புக்கு அழைத்துவிட்டு ஓடினேன்.

வளையல் அடுக்கும்போது ஓர்லா விளக்கினாள். துணி அடுக்கும் அலமாரிக்கான பழைய ஆங்கிலச் சொல் அது. இங்கிலாந்தில் மங்கியும் அயர்லாந்து வீடுகளில் புழங்குகிறது. ஐரிஷ் மொழியில் 'ப்ரிஸ்'. 'பீரோவில்' என்று நாம் சொல்லின் கடைசியில் 'இல்' என்ற வால் சேர்ப்போம். அவர்கள் 'ச' என்று முன்னால் ஒரு சொல் வைத்து, அடுத்த சொல்லின் தலையை, அதாவது முதல் ஒலியை, மாற்றுகிறார்கள்: 'ச ஃப்ரிஸ்'.

மும்பையில் வளைகாப்பு வைப்பவர்களுக்கு: பூவும் வளையலும் மாட்டுங்கா மார்க்கெட்டிலேயே கிடைக்கும், காலையில் போங்கள். வெளிநாட்டு மருமகள் என்றால், பொருள் எங்கே என்று வாயால் கேட்காதீர்கள். கையால் காட்டச் சொல்லுங்கள்.

செல்வி கொண்டுவந்த பச்சை வளையல்களை ஓர்லா உடனே போட்டுக்கொண்டாள். மிச்ச வளையல்களை எங்கே வைத்தாய் என்று அத்தை கேட்டாள்.

"ஃப்ரிஸ்ல அம்மா" என்றாள் ஓர்லா, தலையையும் மாற்றி, வாலையும் சேர்த்து.