இடி இடிக்கும்போதெல்லாம்

மலேசியாவில், செனாயில் எங்கள் வீட்டு ஹாலில் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைக்கும் ஒரு சர்வர் இருக்கிறது. ஒரு டிஸ்க் செத்தாலும், பாரிட்டி என்ற காப்பு டிஸ்க்கை வைத்து அதிலிருந்ததை மீட்டுவிடலாம். அந்தத் தைரியத்தில்தான், செத்துப்போன என் மச்சான் உறுமி அடித்த வீடியோக்களை மெமரி கார்டிலிருந்து காப்பி செய்யாமல் கட் செய்து அதில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் சர்வர் அணைந்து கிடந்தது. வெளியே இடி.

"பிளக்கெல்லாம் புடுங்கிட்டேன் லா. இடி விழுந்து தம்பி வீடியோ போயிருச்சுனா?" என்றாள் மனைவி.

பதறிப்போய் மறுபடி மாட்டினேன். மெமரி கார்டு காலி. சர்வரிலோ, டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனதால், வெறும் பெயர்கள்தான் இருந்தன. திறந்தால் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரும் கார்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பாரிட்டி சோதனை மட்டும் 'பிழை இல்லை' என்றது. அந்த வெறுமையை அது பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது.

"தம்பி வீடியோ இருக்குதாங்க?"

கட் செய்தது நான். ஆனால் சொன்னால், பிளக்கைப் பிடுங்கிய தன் கையைத்தான் அவள் வெறுப்பாள்.

"இருக்குது மா."

இன்றும் வானம் இருட்டினால், காயும் துணியைக்கூட விட்டுவிட்டு அந்தப் பெட்டியிடம்தான் ஓடுகிறாள். மழை விட்டதும் அவளே பிளக்கை மாட்டி, பச்சை விளக்கு எரியும்வரை பார்த்து நிற்கிறாள்.

"இருக்கான்," என்கிறாள்.

நான் தலையாட்டுகிறேன்.