முப்பது நாள் ஓசி ஜாதகம்

மந்தைவெளியில் ஒரு அச்சகம், தி.நகரில் அதன் கிளை, அம்மா தலையில் கூடை தூக்க வேண்டாம் என்று கட்டிய இரண்டு மாடி வீடு, இரண்டு தங்கைகளின் கல்யாணம், பதினோரு குடும்பத்துக்குச் சம்பளம். இத்தனையும் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத நான் செய்தது. பேங்க் மேனேஜர் என் விண்ணப்பத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். இங்கிலீஷில் நாலு வரி பேசத் தெரியாதவனுக்கு மெஷின் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இன்றைக்கு என் கடையில்தான் அச்சாகிறது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், காலேஜில் படிக்கும் என் மகள் போன வாரம் ஒரு பேச்சு பேசினாள். கொஞ்ச நாளைக்கு மட்டும் ஓசியில் கொடுக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் வீண் வேலையாம், வெறும் தூண்டிலாம். தூண்டில் என்றால் என்னவென்று பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்துக்கே சொல்லிக்கொடுக்கிறாள்! தூண்டில்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் புழுவைத் தின்றுவிட்டு, தூண்டிலில் மாட்டியும்கூட, கரையேறிக் குடும்பம் நடத்திய மீனை நான் பார்த்திருக்கிறேன். அது என் தாய்மாமா.

மாமா எங்கள் குப்பத்திலேயே கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை. மூன்று முறை போனார். மூன்று முறையும் வலையைவிட அவரைத்தான் தூக்கிக் கரையில் போட வேண்டியிருந்தது. அதனால் மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய அளவில், ஜெராக்ஸ் கடை போட்டார். வயது முப்பத்து நாலு ஆகிவிட்டது, பெண் அமையவில்லை. கடலோரத்துக் குடும்பங்கள் கடலுக்குப் போகாதவனுக்குப் பெண் கொடுக்கவில்லை. ஊருக்குள் இருந்தவர்கள் மீன் வாடை என்றார்கள். இரண்டையும் தாண்டி வந்த ஓரிரண்டு இடமும், மாமாவுக்கு ஏழரைச் சனி, அது விடட்டும் என்று சொல்லிப் போய்விட்டது. கும்ப ராசி. அந்த ஏழரை அவரை விட்டுப் போவதாகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான், தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் கண்காட்சி நடந்தது. மாமா என்னையும் கூட்டிப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மேஜையில் ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேரை ஃபிளாப்பியில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது நாள் ஓடும். அதற்கப்புறம் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. மாமாவிடமும் கிடையாது. ஆனால் ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் மூன்று கை மாறிய ஒரு கம்ப்யூட்டரையும், கொடுக்காப்புளி மரத்தில் கிளி கத்துவதுபோலக் கத்துகிற ஒரு பிரிண்டரையும் கொண்டுவந்துவிட்டார்.

அம்மா மீனை அரிந்துகொண்டே கேட்டாள். “சும்மா குடுக்கறவன் இன்னாத்துக்குடா குடுக்கறான்?”

“ருசி காட்டறான்க்கா. நீ கொசுறு போடல?”

“நான் கொசுறு போட்டா மீனோட போச்சு. உன் வூட்டுக்கு வந்து மிச்சத்தப் புடுங்கமாட்டேன்.”

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். ஆனால் விஷயத்தைச் சரியாகத்தான் பிடித்தாள். முப்பது நாளில் மாமா கடை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று ஒரு அட்டை தொங்கியதும் மாடவீதிக் கூட்டம் சந்துக்குள் திரும்பியது. பிறந்த நேரம், ஊர், எல்லாவற்றையும் மாமா ஒற்றை விரலால் தட்டி உள்ளே ஏற்றிவைத்தார். முப்பத்தோராம் நாள் காலையில் மெஷின், காலம் முடிந்தது என்று ஒரு வரி காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அத்தனை பேர் ஜாதகமும் உள்ளே. திறக்க வழியில்லை. அம்மா சொன்ன புடுங்கல் இதுதான். மகளே, இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஓசி என்று கொடுப்பவன் எதையும் எடுப்பதில்லை; நாம் உள்ளே வைத்ததை வெளியே விடமாட்டான், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை தெரியாது. தினமும் போட்டவுடன், இன்றைக்கு என்ன தேதி என்று நம்மையே கேட்கும். மாமாவுக்கு மெஷினைத் தொட்டு எழுப்பப் பயம். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான்தான் எழுப்புவேன். அன்றைக்கு மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கோ லீவு லெட்டரில் தேதி மாற்றி மாற்றிப் பழகிய கை. வாத்தியாரிடம் செல்லுபடியாகிற பொய் இந்தப் பெட்டியிடம் செல்லாதா என்ன? போன மாசத்துத் தேதியைத் தட்டினேன். மெஷின் திறந்துகொண்டது.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் ஜெராக்ஸ் மெஷின் மேலிருந்த பிள்ளையார் கீழே விழுந்தார். ஆசை யாரை விட்டது? “ஒரு மாசம் இன்னாத்துக்குடா? இன்னும் பின்னால தள்ளு நைனா. எட்டவே எட்டாத மாதிரி தள்ளு” என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பழைய தேதி ஒன்றுதான். என் பிறந்த நாள். அதைப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கடையில் நான் பிறந்துகொண்டிருந்தேன்.

கட்டம் எல்லாம் சரியாகவே வந்தது. பிறந்த நேரத்துக் கிரகம் என்றைக்குப் பார்த்தாலும் அதே இடம்தானே. கடைசியில் வரும் ‘இப்போதைய பலன்’ மட்டும் பன்னிரண்டு வருஷம் பழையது. அது தெரியாமல் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததை நடந்த மாதிரியே புட்டுப் புட்டு வைக்கிறதாம்! வீடு மாறியது, வயிற்றில் ஆபரேஷன், எல்லாம் அப்படியே இருக்கிறதாம். எதிர்காலத்தை யாரும் கேட்கவில்லை. ஒரே சிக்கல், பன்னிரண்டு வயதுக்குக் கீழான பிள்ளைகள் இன்னும் பிறக்கவே இல்லை என்று மெஷின் ஒற்றைக்காலில் நிற்கும். மாமா அசரவில்லை. “சின்னப் புள்ளைங்களுக்கு மெஷின்ல போடக்கூடாதுங்க, ஆயுசுக்கு ஆவாது” என்று பயபக்தியோடு சொல்லி அனுப்பிவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு இடம் கொண்டுவந்தாள். தூரத்துச் சொந்தம். பெண்ணின் அப்பா திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பையன்களுக்கு மெஸ் நடத்தினார். பெண் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாமா அவளைப் பார்த்ததிலிருந்து ஜெராக்ஸ் எடுக்கிற தாளை எல்லாம் தலைகீழாக வைக்க ஆரம்பித்தார். கேட்கக் கூச்சம் எனக்கு. அவருக்குச் சொல்லக் கூச்சம். இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் பெண்ணே பார்க்கவேண்டாம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மெஸ்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஏழரை இருக்காமே? ஒரு ஜோசியர் இருக்கிறது என்றார், இன்னொருவர் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அவருக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, ஜோசியக்காரன் மூஞ்சியப் பாத்து சொல்றான். மெஷினுக்கு நீ மாமனா, மச்சானா? போடு, கேப்போம். ஏழரை இல்லன்னா வர்ற முகூர்த்தம். இருக்குன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காத, வந்து ஒரு நாள் மெஸ்ல சாப்ட்டுப் போ.”

மாமா முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்து ஏழரை முடியவில்லை. மெஷின் உள்ளதைச் சொல்லிவிடும் என்று பயந்தார். தேதி பின்னால் இருக்கிறதே, அதனால் பலனும் பின்னால் போகும் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை. பிறந்த ஊருக்குப் பதிலாக வேறென்னவோ தட்டினார். மாமாவைச் சும்மா சொல்லக்கூடாது, எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, கீழே பார்க்காமலே பத்து விரலாலும் தட்டினாள். அப்படி ஒருவர் தட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. மழை பெய்த மாதிரி இருந்தது.

திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. மேலே, முதல் வரியில், என் பிறந்த நாள். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பச்சை எழுத்து ஆவாது, கண்ணு கூசுது. நீ படிம்மா” என்றார் மெஸ்காரர்.

“ஏழரை இல்லப்பா. சனி ஒன்பதுல கீது. நல்ல டைம்னு போட்டிருக்கு.”

மாமா கண்ணைத் திறந்தார். தான் காதால் கேட்டதை அவரே நம்பவில்லை. அடுத்து பெண்ணுடைய ஜாதகத்தைப் போட்டார்கள். நான் எட்டிப் பார்த்தேன். வயது பதினொன்று என்று இருந்தது. பள்ளிப் படிப்பில் கவனம் தேவை, அம்மை போன்ற நோய்கள் வந்து விலகும், விளையாட்டில் காயம் படும் என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்தப் பெண் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“கல்யாணம் கூடி வந்துடுச்சுன்னு போட்டிருக்குப்பா. தெற்கேர்ந்து வர்ற இடத்த வுட்டுடக்கூடாதாம். கடலோரமா இருந்தா ரொம்ப விசேஷமாம்.”

“அக்கா, அப்டி எங்க போட்டிருக்கு? அம்மைன்னு தானே…” என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் கையில் சில்லறையைத் திணித்தாள். “வெயில் பாரு, அப்பாக்கு நாக்கு வறண்டு போச்சு. ஓடிப் போய் கோலி சோடா வாங்கினு வா கண்ணு.” நான் சோடாவோடு திரும்பியபோது மாமா, பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், உங்களிடம் காசு வாங்குவேனா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். “வேணாம்னா வேணாம்” என்று சொல்லி அவளே மெஷினை அணைத்துவிட்டாள். மெஸ்காரர் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டு, “மெஷின் மெஷின்தான்யா” என்றார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

அத்தை கடைக்கு வந்து செய்த முதல் காரியம், அந்த சாஃப்ட்வேரை முழு விலை கொடுத்து வாங்கியது. இரண்டாவது, மெஷினுக்குச் சரியான தேதி போட்டது. மூன்றாவது, இரண்டு வருஷம் கழித்து ஒன்பதாவதில் தோற்று ஊர் சுற்றிய என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தது. அதற்கப்புறம் பத்திரிகையோடு வந்த சி.டி., கண்காட்சியில் கொடுத்த சி.டி., பதினைந்து நாள், ஒரு மாசம் என்று எது ஓசியில் வந்தாலும் நானும் அத்தையும் விடவில்லை. எடுத்தவுடன் ஒரு வேலையை அதில் முடிப்போம். வேலைக்கு ஆனால் காசு கொடுத்து வாங்குவோம், ஆகாவிட்டால் நம் பொருளை வெளியே எடுத்துக்கொண்டு மூடிவிடுவோம். வேலை கையில் இல்லாமல் வாங்கிப் பெட்டியில் போட்டவனுக்குத்தான் அது வீண். எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டிய மகராசன்கள் அவர்கள். யாரென்று தெரியாது, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அம்மாவிடம் போய் அழுதேன். மாமாவுக்குப் படிக்கத் தெரியாத பெண்ணைக் கட்டிவைக்கிறீர்களே, திரையில் அவ்வளவு பெரிதாக இருப்பதையே தப்புத் தப்பாகப் படிக்கிறாள், இவள் எப்படி டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேட்டேன். என்ன படித்தாள் என்று அம்மா ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டாள். கடலோரம் என்ற இடம் வந்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அவ நல்லாத்தான்டா படிச்சிருக்கா. நீ வாய மூடு” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பாவம் என்று கல்யாணப் பந்தியில்கூட நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் மெஸ்காரர் மைக்கைப் பிடித்து, மெஷின் செய்துவைத்த கல்யாணம் என்றார். மாமா, எல்லாம் பிள்ளையார் அருள் என்றார். அத்தை தலையைக் குனிந்து சிரித்ததோடு சரி. என் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அத்தையின் துணிச்சலுக்குப் பாதி என்று நான் மனதார எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தத் தேதியை மெஷினுக்குள் போட்டது யார் விரல்? மீதிப் பாதி எனக்கு வரவேண்டியது. அடுத்த விசேஷத்திலாவது மைக்கில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, மாமா அதைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.