கல்யாணிக்கு நான் போட்ட அறிவிப்பு

“சார், என்டர் தட்டிக் கீழே வந்துட்டா அது தனி வரி ஆயிடும்னு யார் சொன்னா?” என்று கல்யாணி ஒருமுறை என்னைக் கேட்டார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நம் தமிழ்ச் சங்கத்தின் வலைப்பக்கத்தை அவர்தான் கவனித்துவந்தார். நாம் எழுதித் தருவதை மார்க்டவுன் என்ற எளிய முறையில் தட்டுவார். ஒரு கருவி அதை வலைப்பக்கமாக மாற்றும். நடுவில் வெற்று வரி விடாவிட்டால், அடுத்தடுத்த வரிகள் அத்தனையையும் ஒரே பத்திக்குள் சேர்த்துவிடும்.

“மினிபஸ் கண்டக்டர் மாதிரி சார். தனித்தனியா ஏறினாலும் ஒரே சீட்டுல நெருக்கி உட்கார வெச்சிடும். நடுவுல ஒரு சீட்டு காலியா விட்டாத்தான் வேற ஆளுன்னு ஒத்துக்கும்.”

சிரித்தேன். புரிந்ததுபோலத் தலையாட்டினேன். புரியாவிட்டால் கேள் என்று பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்லியே காலம் தள்ளியவன், அன்று கேட்கவில்லை.

சென்ற வாரம் விடியற்காலையில் அவர் மகன் அழைத்தான். “அங்கிள், அம்மா போயிட்டாங்க. வெப்சைட்ல நீங்கதான் போடணும். எனக்குத் தமிழ் எழுத வராது.”

நான்கு வரி தட்டினேன். காலை ஒன்பது மணி. அதன் கீழே, டாக்குரியா இல்லத்தில் அஞ்சலி. அதன் கீழே, பதினொரு மணி. கடைசியில், மின்மயானம். வெற்று வரி எதுவும் விடவில்லை. பக்கத்தைத் திறந்தும் பார்க்கவில்லை.

எல்லோரும் மயானத்துக்குக் கிளம்பிய பின், முழங்கால் வலியால் நான் டாக்குரியாவில் கல்யாணியின் வீட்டிலேயே இருந்தேன். பதினொன்று அடித்ததும் பவானிபூரிலிருந்து பத்மா வந்தார். கல்யாணியோடு ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்த்த தோழி. கையில் ரஜனிகந்தா மாலை, நம்மூர் சம்பங்கி.

“எங்கே அவ?”

“அப்பவே எடுத்துட்டாங்களேம்மா.”

“அஞ்சலி பதினொரு மணின்னுதானே போட்டிருக்கு?” கைப்பேசியை நீட்டினார். நான்கு வரிகளும் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தன: ‘காலை ஒன்பது மணி டாக்குரியா இல்லத்தில் அஞ்சலி பதினொரு மணி மின்மயானம்.’

கல்யாணியின் மகனுக்கு போன் செய்தேன். உடலை உள்ளே அனுப்பியாகிவிட்டது என்றான்.

“யார் சார் இதைப் போட்டது?”

“நான்தாம்மா.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே வெச்சுக்குங்க சார்” என்று படியிறங்கினார். அந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெடுநேரம் நின்றேன்.

எதைப் போட்டாலும் கல்யாணி உடனே தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பார். “நான் எழுதினது எனக்குத் தெரியும் சார். அவங்களுக்கு என்ன தெரியுதுன்னுதான் பார்க்கணும்” என்பார். அவரிடமிருந்து அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பத்மாவுக்கு அது இனி உதவாது.

நீங்களும் மார்க்டவுனில் நான்கு வரி எழுதி, நடுவே வெற்று வரி விட்டு ஒரு தடவை, வெற்று வரி இல்லாமல் ஒரு தடவை என வலைப்பக்கமாக மாற்றி, கைப்பேசியில் திறந்து படித்துப் பாருங்கள்.